‘டிஸ்டர்ப்’ என்னும் சொல்லும் ஏழாவது மாடிக் கதவுகளும்

மாலை மயங்கும் வேளையில் இம்மன்றத்துக்குத் தலைமை ஏற்று, மணியும் கையுமாக என் வலப்பக்கம் வீற்றிருக்கும் நம் கட்டடச் சங்கச் செயலாளர் நாகராஜ் அவர்களே! அவரைப் பெற்றெடுத்தவரும், இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன் நாம் வாழ்ந்த சுண்ணாம்புச் சந்து முழுவதையும் ஒற்றைக் குரலால் ஆண்டவருமான விஜயலட்சுமி அம்மாள் அவர்களே! பொங்கல் வைத்த கை ஈரத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடியே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பட்டறை வெக்கையிலும் அலுவலகக் குளிரிலும் உழைத்துக் களைத்த பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் நிறுத்தி வைத்த பைக்குகளின் மேல் ஏறிக்கொண்ட தம்பிமார்களே! இறங்கி வரச் சோம்பல்பட்டு, ஜன்னல் கம்பி வழியே என் தலையின் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் மேல்மாடி அன்பர்களே! ஏழாவது மாடியிலிருந்து வந்து, அதோ அந்தத் தூணுக்கு அருகே, யாரையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் என் இசக்கி அத்தை அவர்களே! உங்கள் அனைவருக்கும், இந்தத் தாராவி மண்ணில் பிறந்து இப்போது செம்பூரில் குடியிருக்கும் கோகிலவாணியின் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் குறைவு. கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறவள் நான். என் பேச்சைக் கேட்க மாணவர்கள் வருவதற்குக் காரணம் என் பேச்சு அல்ல, வருகைப் பதிவு. இங்கே அது கிடையாது. பிடிக்காவிட்டால் நீங்கள் தாராளமாக எழுந்து போகலாம். போகிறவர்கள் மைக் போட்டிருக்கும் செல்வத்தின் ஒயரைத் தடுக்கிவிடாமல் போகும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் அப்படி ஒருவர் எழுந்து போனதில் பட்டிமன்றமே பாதியில் ஊமையாகிவிட்டதாம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ஓர் ஆங்கில வினைச்சொல். ‘டிஸ்டர்ப்.’ பொங்கல் விழாவில் ஆங்கில வினைச்சொல்லா? கரும்பு கட்டிய மேடையில் கடல் கடந்து வந்த சொல்லா? நீங்கள் கேட்க நினைப்பதை நானும் கேட்டேன். போன வாரம் நம் தலைவர் நாகராஜ் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“மேடம், டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?”

“இல்லை, சொல்லுங்க.”

“அதான் மேடம் டாபிக். நீங்க இங்கிலீஷ் புரொபஸர். டிஸ்டர்ப்னா என்ன, ஒருத்தரை ஒருத்தர் டிஸ்டர்ப் பண்ணாம எப்பிடி இருக்கணும், ஒரு பத்து நிமிஷம் நல்லாப் பேசுங்க. ஜனங்க மண்டையில ஏறணும். நீங்க முடிச்ச ஒடனே தீர்மானத்தைப் போட்டு ஓட்டெடுத்துருவோம்.”

“என்ன தீர்மானம்?”

“சோட்டா மேட்டர் மேடம். செவன்த் ஃப்ளோர் ஆச்சி மேட்டர்.”

சின்ன விஷயம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாவது மாடியில் தனியாக வசிக்கும் இசக்கி அம்மாள், தினமும் காலையில் தம் மாடியிலுள்ள எல்லா வீடுகளின் மணியையும் அடிக்கிறார். மணி கெட்டுப்போன வீட்டில் கதவைத் தட்டுகிறார். உள்ளிருந்து ஒரு குரல் வரும்வரை நகர்வதில்லை. குரல் வந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். இது டிஸ்டர்பன்ஸ். இதை அவர் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், உல்லாஸ்நகரில் கடை வைத்திருக்கும் மகன் தமிழ்செல்வன் அவரை அங்கே அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். இதுதான் இன்றைய தீர்மானம். தமிழ்செல்வனும் தலையாட்டிவிட்டார். தலையாட்டாதவர் ஒருவர்தான். அவர் தூணுக்கு அருகே இருக்கிறார். அவருக்கு இந்த இடத்தை விட்டுப் போக விருப்பமில்லை. தட்டுவதை நிறுத்தவும் விருப்பமில்லை.

அதே மாடியில் வந்தனா இருக்கிறாள். நம் வீட்டுக்கு மருமகளாக வந்து, நம்மைவிட நன்றாகச் சாம்பார் வைக்கும் மராத்திப் பெண். அவள் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டாளாம்.

“க்யா ஹுவா ஆச்சி? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல தாயி.”

“ஒண்ணுமில்லன்னா எதுக்கு டெய்லி பெல் அடிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுக்கிடத்தான்.”

சிரிக்கிறீர்கள். வந்தனாவும் சிரித்தாள், என்னிடம் சொல்லும்போது. சிரியுங்கள், தப்பில்லை. நான் சொல்லுக்கு வருகிறேன். கூலி வாங்காத வேலைதான் என்றாலும் கொடுத்த தலைப்பை விட்டு ஓடக்கூடாது அல்லவா?

‘டிஸ்டர்ப்’ எங்கே பிறந்தது? லத்தீன் மொழியில் ‘தூர்பா’ என்று ஒரு சொல் உண்டு. கூட்டம் என்று பொருள். கூச்சல், குழப்பம், அமளி என்றும் பொருள். அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கூட்டத்துக்கும் கூச்சலுக்கும் தனித்தனிச் சொல் தேவைப்படவில்லை போலும். தாதர் ஸ்டேஷனில் மாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இராது. அந்தத் தூர்பாவிலிருந்து கலக்குவது, குலைப்பது என்ற வினை பிறந்தது. அதன் தலையில் ‘டிஸ்’ என்று ஒரு முன்னொட்டு ஏறியது. சிதறச் சிதற, அடியோடு என்று அதற்கு அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் கொஞ்ச காலம் தங்கி, பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, பம்பாய்க்கு வந்து, இன்று நம் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் சங்கத்தின் நோட்டீஸாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்குச் சொந்தக்காரர்கள் நிறைய. ‘ட்ரபிள்’ என்கிறோமே, அது அதன் ஒன்றுவிட்ட தங்கை. டிராம்பே மின்நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு டர்பைன் தெரியும். சுழன்று சுழன்று மின்சாரம் தரும் அந்த இயந்திரத்தின் பெயரும் அதே குடும்பம்தான் என்கிறார்கள். வானத்தில்கூட ஓர் உறவு உண்டு. ஒரு கோள் தன் பாதையிலிருந்து சற்றே விலகி விலகிப் போயிற்று. ஏன் விலகுகிறது? யார் இழுக்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்குக் காட்டிய திசையில் தொலைநோக்கியைத் திருப்பினால், அதுவரை யாரும் இன்னதென்று அறியாத நெப்டியூன்! அந்த விலகலுக்கு வானியலார் வைத்த பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஒன்று இன்னொன்றைத் தொந்தரவு செய்ததால்தான் அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதே உலகத்துக்குத் தெரிந்தது.

நம் மொழி இதை எப்படிச் சொல்கிறது? தூக்கத்தைக் கலைக்கிறோம். கூட்டைக் கலைக்கிறோம். தண்ணீர் கலங்குகிறது என்கிறோம். மனம் கலங்குகிறது என்றும் சொல்கிறோம். குளத்துக்கும் மனத்துக்கும் ஒரே வினை. எவ்வளவு அழகு!

கைதட்டாதீர்கள். கைதட்டும் இடம் இது அல்ல. ஒரு சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டி, பார்த்தீர்களா, இதன் உள்ளே எவ்வளவு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது என்று மேடையில் வித்தை காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. சொல் எங்கே பிறந்தது என்பது, அது இன்று எங்கே வாழ்கிறது என்பதைச் சொல்லாது. தாராவியில் பிறந்தவள் என்பதை வைத்து நான் செம்பூரில் எப்படி இருக்கிறேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஆகவே வேரை விடுவோம். சொல் புழங்கிய இடங்களைப் பார்ப்போம்.

இந்தச் சொல் மரியாதையாகப் புழங்கியதை நான் முதலில் கேட்டது மாட்டுங்காவில். கல்லூரியில் படிக்கும்போது பத்மஜா மாமி வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். பாலக்காட்டுக் குடும்பம், கணவர் அனந்தகிருஷ்ணன் வங்கியில் அதிகாரி. மாமி என் அறைக் கதவை இரண்டு விரலால் தொட்டுவிட்டு, “படிச்சிண்டிருக்கியா? டிஸ்டர்ப் பண்ணலையே நான்?” என்பார். “இல்லை மாமி” என்பேன். “ஒரு நிமிஷம்தான்” என்பார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கட்டடத்திலுள்ள எல்லாக் குடும்பங்களின் கதையையும் சொல்லிவிட்டு, அவர் எழுந்து போவதற்குள் என் டம்ளரில் காபி ஆறி, ஆடை கட்டி, அந்த ஆடையும் காய்ந்துவிடும். போகும்போது மறுபடியும், “ரொம்ப டிஸ்டர்ப் பண்ணிட்டேனோ?” இன்றைக்கு என் செம்பூர் வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. யாரும் வருவதில்லை.

இப்போது நம் சந்துக்கு வருகிறேன். பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில்தான் சுண்ணாம்புச் சந்தின் குழாயடி இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. என்ன சத்தம்! என்ன சத்தம்! தகரம் தட்டும் சத்தம், தையல் மிஷின் சத்தம், ரேடியோ சத்தம், ரேஷன் சண்டைச் சத்தம். குடத்தின் சத்தம், குழந்தையின் சத்தம், குழந்தையைத் திட்டுகிறவரின் சத்தம், அப்படித் திட்டுகிறவரைத் திட்டுகிற விஜயலட்சுமி அம்மாளின் சத்தம்!

அப்படிப்பட்ட சந்து, ஒரு துண்டுக்கு அடங்கும்.

ஆம், துண்டுக்கு. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வரும் ஆண்கள் குழாயடியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டை வீட்டுக்கு வெளியே நாதாங்கியில் தொங்கவிட்டுப் படுக்கப் போவார்கள். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் உறங்குகிறார். எழுந்ததும் துண்டை உள்ளே எடுத்துக்கொள்வார். யாரும் போட்ட சட்டமில்லை, யாரும் எழுதிய விதியில்லை. ஆனால் துண்டு தொங்கும் வாசலை எப்படிக் கடப்போம் தெரியுமா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. குடத்தோடு குடம் இடிக்காமல். பந்தைத் தரையில் தட்டாமல். காய்கறிக்காரர் அந்த வாசலில் மட்டும் கூவமாட்டார். கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். சண்டை நடந்துகொண்டிருந்தால்கூட, அந்த இடத்தில் மட்டும் சாடையால் திட்டிக்கொண்டு, அடுத்த வாசலில் குரலைத் தொடருவார்கள்!

அந்த அமைதியை நான் இன்னும் தேடுகிறேன். செம்பூரில் என் வீட்டு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. சத்தம் வராது. ஆனால் நம் சந்தின் அமைதியில் எத்தனை பேர் இருந்தார்கள்! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் தூக்கத்தைச் சுற்றி எத்தனை பேர் நடந்தார்கள்! என் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அமைதியில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

யார் அங்கே, “அந்தக் காலம் அந்தக் காலம்தான்” என்று பெருமூச்சு விடுவது? ஐயா, அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தின் மற்றொரு பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவோம்.

இசக்கி அத்தையின் கணவர் வெயிலுமுத்து மாமா. வடாலா பக்கம் ஒரு லேத் பட்டறையில் இரவு வேலை. அதிகம் பேசமாட்டார்; பேசினால் ஒரு வார்த்தையில் நாலு பேரைச் சிரிக்க வைப்பார். ஒரு ஜூன் மாதக் காலையில் அவர் வந்தார். குளித்தார். துண்டைத் தொங்கவிட்டார். உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அத்தை மாட்டுங்காவில் வீட்டுவேலை முடித்து மத்தியானம் திரும்பினார். துண்டு தொங்கியது. வழக்கம்போல வாசற்படியில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

போகிறவர்கள் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: “இன்னும் எந்திரிக்கலயா மதினி?”

அத்தையும் அதே தாழ்ந்த குரலில்: “நேத்து டபுள் ஷிப்டுலா. உறங்கட்டும்.”

வெயில் சுவரில் ஏறியது. துண்டு காய்ந்து விறைத்தது. பட்டறையிலிருந்து ஒருவர் மாமாவைத் தேடி வந்தார். சந்து முனையிலேயே மறித்து, “அவரு தூங்குறாரு, அப்புறமா வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். எவ்வளவு பெருமை நமக்கு! நம் சந்தில் ஒருவர் உறங்கினால் உலகமே காத்திருக்க வேண்டும்!

அப்போது மழை வந்தது. அந்த வருடத்தின் முதல் மழை. மழைக்குத் துண்டு தெரியுமா? தகரக் கூரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் முழங்கின. எல்லா வீடுகளிலும் ஒழுக்குக்குக் கீழே ஏனங்களை வைத்தார்கள். சட்டியில் ஒரு சத்தம், தவலையில் ஒரு சத்தம், டால்டா டப்பாவில் ஒரு சத்தம்.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஃபர்ஸானா என்று ஒரு புதுப்பெண். கடையநல்லூர்க்காரி. கல்யாணமாகி அப்போதுதான் வந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“மதினி, ஒங்க வீட்டுல ஒழுகுது.”

“ஒழுகத்தான் செய்யும். வருசா வருசம் உள்ளதுதான்.”

“தண்ணி தரையில விழுது மதினி. ஏனத்துல விழல.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து துண்டைப் பார்த்தார். ஃபர்ஸானா துண்டைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டிக் கையை நீட்டி, கதவைத் தட்டினாள்.

“தட்டாத தாயி. அவிய எந்திரிச்சுருவாவ.”

“எந்திரிக்கட்டும்னுதான மதினி தட்டுதேன்.”

அவ்வளவுதான்! சந்தே வெளியே வந்துவிட்டது. துண்டு தொங்கும் கதவைத் தட்டுகிறாளே ஒருத்தி! மழையையும் மீறிக்கொண்டு ஒரு குரல் கேட்டது: “ஏட்டி! துண்டு தொங்குறது கண்ணுக்குத் தெரியலயா ஒனக்கு? நேத்து வந்தவ, சந்து வழக்கத்த மாத்த வந்துட்டியோ?” அது யாருடைய குரல் என்று நான் சொல்லமாட்டேன்…

“நான்தாம்ட்டீ! சொல்லு, அதுக்கென்ன!”

விஜயலட்சுமி அம்மாளே ஒப்புக்கொண்டுவிட்டார். நன்றி அம்மா.

தலைவர் மணி அடிக்கிறார். பத்து நிமிடம் முடிந்துவிட்டதாம். தலைவர் அவர்களே, தயவுசெய்து என்னை டிஸ்டர்ப்…

“ஏலே நாகராசு, அந்த மணிய கீழ வையி. அவ சொல்லட்டும்.”

தலைவருக்கும் மேலே ஒரு தலைவர் இருக்கிறார். தொடர்கிறேன்.

ஃபர்ஸானா ஒருத்தி தட்டினாள். அவளைத் தடுக்கப் பத்துப் பேர் வந்தார்கள். அந்தப் பத்துப் பேரை விலக்க இன்னும் சிலர் வந்தார்கள். கூட்டமும் கூச்சலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எது என்று என்னைக் கேட்டால், லத்தீன் அகராதியைக் காட்டமாட்டேன். அந்த வாசலைக் காட்டுவேன். அத்தனை அமளியிலும் உள்ளிருந்து ஓர் அசைவு இல்லை. “யாரது?” என்று ஒரு குரல் இல்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கத்துவதை நிறுத்தினார்கள். பிறகு யாரோ தோளைக் கொடுத்து இடித்தார்கள். கதவு உடைந்தது.

மாமா தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. வலக்கை, வலக்கால் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. பாயிலிருந்து கதவுப் பக்கம் நகர்ந்து வந்திருந்தார். இடக்கை கதவை நோக்கி நீண்டிருந்தது. அந்தக் கதவின் மறுபக்கத்தில்தான் அத்தை மத்தியானம் முழுவதும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

அதே கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தா பேச்சு வந்திருக்கலாம்” என்றாராம். குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மாமா பிழைத்தார். பல வருடம் இருந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. அத்தையைக் கூப்பிட வேண்டுமென்றால் இடக்கையால் கட்டில் காலைத் தட்டுவார்.

அதற்காகச் சந்து தன் துண்டு வழக்கத்தைக் கைவிட்டதா? இல்லை. ஷிப்டுக்காரர்கள் உறங்காமல் எப்படிப் பிழைப்பது? ஒரே ஒரு திருத்தம் செய்தோம். துண்டு தொங்கலாம், தாழ் போடக் கூடாது. தூங்குகிறவர் வீட்டுக் கதவை மத்தியானத்தில் ஒருமுறை யாராவது ஓசைப்படாமல் திறந்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி சாத்திவிட வேண்டும். அந்த வேலையை யார் எடுத்துக்கொண்டது என்று நான் சொல்ல வேண்டுமா? அந்தச் சந்து இடிபடும் நாள்வரை இசக்கி அத்தைதான் செய்தார்.

பிறகு நாம் இங்கே வந்தோம். பளபளக்கும் தரை, பன்னிரண்டு மாடி, பளிச்சென்ற விளக்கு. நல்லதுதான், ஒழுகாத கூரையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கதவு என்ன கதவு? சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியிலிருந்து யாரும் ஓசைப்படாமல் திறந்து பார்க்க முடியாத கதவு. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வழியில்லாதபோது, குரலாவது வருகிறதா என்று கேட்காமல் அவர் என்ன செய்வார்? மணி அடித்துத்தானே கேட்க வேண்டும்?

இப்போது நீங்கள் கைதட்டுகிறீர்கள். ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை. இதோடு முடித்தால் அது பாதி நியாயம். புகார் கொடுத்தவரை இந்தக் கூட்டத்தில் யாரும் கெட்டவராக நினைத்துவிடக் கூடாது. மாரீஸ்வரன், அந்த நீல பைக் மேல் இருக்கிறீர்கள். இறங்கி ஓட வேண்டாம். இவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறார். விடிந்து வீட்டுக்கு வந்து கண்ணை மூடும் நேரத்தில் மணி அடிக்கிறது. ஒருநாள் அல்ல, தினமும். வெயிலுமுத்து மாமாவின் தூக்கத்துக்காகச் செருப்பைக் கையில் எடுத்தவர்கள் நாம். மாரீஸ்வரனின் தூக்கம் மட்டும் தூக்கம் இல்லையா? அவர் உழைப்பு மட்டும் உழைப்பு இல்லையா? அவர் கேட்டதில் தப்பில்லை. அத்தை செய்வதிலும் தப்பில்லை. இரண்டு நியாயங்கள் ஒரே கதவின் இரண்டு பக்கமும் நிற்கும்போது, ஒரு பக்கத்தை உல்லாஸ்நகருக்கு அனுப்பிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

மாரீஸ்வரன் ஏதோ சொல்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். செல்வம், அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்.

“ஆன்ட்டி, எனக்கு ஆச்சிகூட லஃப்டா, சண்டை ஒண்ணும் இல்ல. கசம் சே, சத்தியமா. இந்த ஸ்டோரி எனக்குத் தெரியாது, யாரும் சொல்லல. நான் அந்தச் சந்துல பொறக்கவே இல்ல. கம்ப்ளெயின்ட்ல ஆச்சியை அனுப்புங்கன்னு நான் எழுதல. பெல் அடிக்குது, தூக்கம் போவுதுன்னுதான் சொன்னேன். அனுப்புறது எல்லாம் கமிட்டி போட்டது.”

தலைவர் தொண்டையைச் செருமுகிறார். சரி, அத்தையையே கேட்போம். அத்தை, அங்கிருந்தே சொல்லுங்கள். உங்கள் குரலுக்கு மைக் வேண்டாம். தினமும் தட்டுவதை நிறுத்துகிறீர்களா?

“முடியாது கோகிலா. அன்னைக்கு நான் கதவுல சாஞ்சுக்கிட்டு இருந்தேன். அவிய உள்ள இருந்து என்னத்தையோ சுரண்டுன மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. எலின்னு நினைச்சேன். இனிமே எலின்னு நினைக்க முடியாது. என்னைய எங்க அனுப்புனாலும் அங்கயும் தட்டத்தான் செய்வேன்.”

இத்தனை வருடமாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் இப்போதுதான் தெரியும். என் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். மைக் இன்னும் மாரீஸ்வரன் கையில்தான் இருக்கிறது.

“ஆச்சி… காலைல வேணாம். சாயங்காலம் வந்து தட்டுங்க. அஞ்சு மணிக்கு. நான் டியூட்டிக்குக் கிளம்பணும், அலாரம் வெச்சாலும் எந்திரிக்க மாட்டேன். நாலு தடவை லேட்டாப் போய் பாஸ்கிட்ட திட்டு வாங்கிருக்கேன். ஊர்ல அம்மா இருக்கா. இங்க எனக்குன்னு வந்து எழுப்ப ஆள் கிடையாது.”

“அஞ்சுக்கா, அஞ்சரைக்கா?”

“அஞ்சு, ஆச்சி.”

“குரல் குடுக்கணும் நீ. கொர்ருன்னு கிடந்தன்னா கதவ ஒடைச்சுருவேன்.”

“ஒடைச்சுக்கோங்க. கமிட்டி கட்டிக் குடுக்கும்.”

வந்தனா கையைத் தூக்குகிறாள். அவளுக்குக் காலையே வசதியாம், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமாம். அந்தப் பக்கம் இன்னொரு கை. ஐந்தாவது மாடியிலிருந்து ஒருவர், எங்கள் மாடிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்கிறார். ஐயா, அவருக்கு முழங்கால் வலி. உங்கள் மாடிக்கு உங்களில் ஒருவர் தட்ட வேண்டியதுதான். தலைவர் என் காதோடு கேட்கிறார்: “மேடம், தீர்மானத்தை இப்ப என்ன பண்றது?” நான் வெளியாள், ஓட்டுரிமை இல்லாதவள். உங்கள் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஏற்கெனவே எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்.

அழைத்த காரியம் வேறாக இருந்தும் பேசி முடிக்கும்வரை பொறுத்த தலைவருக்கும், பத்து நிமிடத்தை நான் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனபோதும் எழுந்து போகாத பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. நாளை விடிந்ததும் ஏழாவது மாடியில் ஒருவர் வருவார். யார் என்று கேட்டுத் திட்டினாலும் சரி, தூக்கக் கலக்கத்தில் முனகினாலும் சரி, உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுங்கள். வணக்கம்.